வாசகர் கேள்வி–பதில்: கைனேஸ் நொதிகளும் அவற்றைத் தடுக்கும் மருந்துகளும்

சென்ற இதழில் உடலின் நொதிகளைப் பற்றி எழுதியபோது, ‘கைனேஸ்’ என்ற சொல்லை இரண்டே வரிகளில் கடந்து சென்றுவிட்டேன். அதை விளக்கச் சொல்லியும், அதோடு தொடர்புள்ள மருந்துகளைப் பற்றிக் கேட்டும் வந்த கடிதங்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்து இங்கே பதில் அளிக்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை: கைனேஸ் ஒரு நொதி என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றுவது நொதி என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். அது செல்லுக்குள் செய்தியைக் கடத்துகிறது என்பதை எப்படி விளக்குவது?

பதில்: அந்த மாற்றமேதான் செய்தி. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறின் கடைசி பாஸ்பேட்டை எடுத்து, வேறொரு புரதத்தில் உள்ள செரின், திரியோனின், டைரோசின் என்ற மூன்று அமினோ அமிலங்களில் ஒன்றின் மீது ஒட்டுவது புரதக் கைனேஸின் வேலை. பாஸ்பேட் எதிர்மின்னூட்டத்தைச் சுமந்து வருவதால், அது ஒட்டிய இடத்தைச் சுற்றிப் புரதத்தின் மடிப்பு சற்றே மாறுகிறது. மூடியிருந்த பகுதி திறந்துகொள்ளலாம், திறந்திருந்தது மூடிக்கொள்ளலாம், அல்லது இன்னொரு புரதம் வந்து பற்றிக்கொள்ள ஓர் இடம் உண்டாகலாம். பாஸ்படேஸ் என்னும் நொதிகள் அந்தப் பாஸ்பேட்டை அகற்றியதும் பழைய நிலை திரும்பிவிடுகிறது. ஒட்டவும் முடியும், எடுக்கவும் முடியும் என்பதால்தான் இது அடையாளமாகப் பயன்படுகிறது. மனித மரபணுத் தொகுதியில் இத்தகைய கைனேஸ்கள் எத்தனை என்று 2002-ஆம் ஆண்டு கணக்கெடுத்தபோது 518 கிடைத்தன.

மாணவர்களுக்குச் சொல்வதற்கு வடிதாள் கதையைவிடச் சிறந்ததை நான் அறியேன். தசையில் சேமிக்கப்பட்ட கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் என்ற நொதிக்குச் செயல்படும் வடிவம் ஒன்றும், செயலற்ற வடிவம் ஒன்றும் உண்டு என்பதைக் கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் முன்பே கண்டிருந்தார்கள். 1950-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும் அதே நொதியைத் தசைச் சாற்றிலிருந்து பிரித்தெடுக்க முயன்றபோது, அவர்களுக்குச் செயலற்ற வடிவமே கிடைத்துக்கொண்டிருந்தது. கோரி தம்பதியர் தசைச் சாற்றை வடிதாளில் வடித்தார்கள். இவர்களோ அதைச் சுழற்சி இயந்திரத்தில் இட்டுத் தெளிய வைத்தார்கள். மீண்டும் வடிதாளில் வடித்துப் பார்த்தபோது செயல்படும் வடிவம் கிடைத்தது. வடிதாளில் ஒட்டியிருந்த சிறிதளவு கால்சியம்தான் அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. அந்தக் கால்சியம் சாற்றில் இருந்த ஒரு கைனேஸைத் தூண்டியது. அந்தக் கைனேஸ் ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் பாஸ்பாரிலேஸின் மீது ஒட்டியது. 1955-இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 1992-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஓடும் மனிதனின் தசையிலும் இதே நிகழ்ச்சிதான் நடக்கிறது. தசை சுருங்கும்போது கால்சியம் வெளிப்படுகிறது. அதே கால்சியம் அந்தக் கைனேஸைத் தூண்டி, தசைக்கு வேண்டிய சர்க்கரையையும் கிளைக்கோஜனிலிருந்து விடுவிக்கச் செய்கிறது. அச்சத்தில் அட்ரினலின் சுரந்தால் வேறொரு வழி திறக்கிறது: சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு செல்லுக்குள் பெருகி, கைனேஸ்-ஏ என்ற நொதியின் பிடியைத் தளர்த்த, அது மேற்சொன்ன கைனேஸின் மீது பாஸ்பேட்டை ஒட்ட, அது பாஸ்பாரிலேஸைத் தூண்டுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி மூலக்கூறு அடுத்த படியில் பல மூலக்கூறுகளை மாற்றுவதால், செல்லின் வாசலில் வந்து சேர்ந்த சிறிய செய்தி உள்ளே போகப்போகப் பெருகுகிறது. ‘சமிக்ஞைப் பாதை’ என்று நாங்கள் சொல்வது இந்தத் தொடரைத்தான்.

கோயம்புத்தூரிலிருந்து பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகர்: என் தந்தைக்கு நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் 400 மில்லிகிராம் இமாட்டினிப் சாப்பிடுகிறார். கடந்த இரண்டு பரிசோதனைகளிலும் நோயின் சுவடே தெரியவில்லை என்று சொன்னார்கள். கால் வீக்கமும் தசைப்பிடிப்பும் இருப்பதால், இனி ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும் என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியல்ல. ஏன் என்பதை உங்கள் தந்தையாரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1960-இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்போர்டும் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்த ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறிக்கொண்டதால் அது உண்டானது என்பதை 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரவுலி நிறுவினார். முறிந்து ஒட்டிய அந்த இடத்தில், பிசிஆர் என்ற மரபணுவும் ஏபிள் என்ற கைனேஸின் மரபணுவும் இணைந்து ஒற்றை மரபணு ஆகிவிடுகின்றன. (இந்தப் பிசிஆர் வேறு, ஆய்வகத்தில் செய்யும் பிசிஆர் பரிசோதனை வேறு, தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் மருத்துவ அறிக்கையைப் படிக்கும்போது குழப்பம் வேண்டாம்.) இயல்பான ஏபிள் கைனேஸ், தன் தலைப்பகுதியில் உள்ள ஒரு கொழுப்புச் சங்கிலியைத் தன் உடலிலேயே இருக்கும் ஒரு குழிக்குள் செருகிக்கொண்டு அடங்கிக் கிடக்கும். இணைந்த புரதத்தில் அந்தத் தலைப்பகுதி போய்விடுகிறது; அதற்குப் பதிலாக வந்து சேர்ந்த பிசிஆர் பகுதியோ இந்தப் புரதங்களை ஒன்றோடொன்று கூட்டிச் சேர்க்கிறது. கூடிய புரதங்கள் ஒன்றின் மீது ஒன்று பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டு ஓயாமல் செயல்படுகின்றன. ‘பெருகு’ என்ற கட்டளை வெளியிலிருந்து வராமலேயே ரத்தச் செல் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஏபிள் கைனேஸில் ஏடிபி வந்து அமரும் பள்ளத்தில், அந்த நொதி செயலற்று மடிந்திருக்கும் நேரம் பார்த்து நுழைந்து, அதை அந்த மடிப்பிலேயே பூட்டி வைப்பதுதான் இமாட்டினிப் செய்யும் வேலை. பிரையன் டிரூக்கர் அமெரிக்காவின் ஆரிகனில் 1998-இல் தொடங்கிய முதல் மனிதச் சோதனையில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 நோயாளிகளில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை முழுமையாக இயல்பு நிலைக்குத் திரும்பியது. புற்றுநோய் மருந்துகளின் முதற்கட்டச் சோதனைகளில் இப்படியொரு முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2001 மே மாதத்தில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இமாட்டினிப் அந்தப் பள்ளத்தில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. வந்து அமர்கிறது, பிறகு விலகிவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 18 மணி நேரம் ஆகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால், இரண்டாம் நாளில் பள்ளங்கள் பல காலியாகி, அடங்கியிருந்த கைனேஸ் மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். நோயின் மூலமான தாய்ச்செல்கள் சில, மருந்து இருக்கும்போதே உறங்கியபடி தப்பிக் கிடக்கக் கூடியவை. பரிசோதனையில் ‘தெரியவில்லை’ என்றால், கருவியால் காணக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். அறவே இல்லை என்று பொருள் அல்ல. அரைகுறை மருந்தில் பெருகும் செல்களுக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைக்கிறது. கைனேஸின் 315-ஆம் இடத்தில் உள்ள திரியோனின் ஐசோலூசினாக மாறிவிட்டால், இமாட்டினிப் அந்தப் பள்ளத்தில் பொருந்தவே பொருந்தாது. பின்னர் வந்த டாசாட்டினிப், நிலோட்டினிப் ஆகியவையும் அந்த மாற்றத்தின் முன் தோற்றன; 2012-இல் வந்த பொனாட்டினிப்தான் அதை வென்றது. 2021-இல் அனுமதி பெற்ற அசிமினிப் வேறொரு வழியைப் பிடித்தது. அது ஏடிபி பள்ளத்தை விட்டுவிட்டு, இயல்பான ஏபிள் தன் கொழுப்புச் சங்கிலியைச் செருகி வைத்திருந்த அதே பழைய குழிக்குள் போய் அமர்கிறது. இந்த மருந்தை நினைக்கும்போதெல்லாம், இழந்த கடிவாளத்தைத் தேடி எடுத்து மீண்டும் பூட்டியவர்களின் பொறுமை என்னை நெகிழ வைக்கிறது.

தவறாமல் சாப்பிடுவது எவ்வளவு முக்கியம் என்பதை லண்டனில் 87 நோயாளிகளிடம் மூன்று மாதங்கள் அளந்து பார்த்தார்கள். மருந்துப் புட்டியின் மூடியில் ஒரு மின்னணுச் சில்லு; புட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது பதிவு செய்யும். 90 விழுக்காட்டுக்கு மேல் தவறாமல் எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் ஆழமாக அடங்கியது; அதற்குக் கீழே சென்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக்கூட அந்தப் பலன் கிடைக்கவில்லை. மாதத்தில் மூன்று மாத்திரைகள் விடுபட்டாலே இந்த எல்லை வந்துவிடும். உங்கள் தந்தையார் விட நினைப்பது பதினைந்து.

அப்படியென்றால் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டுமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். கட்டாயமாக அப்படி இல்லை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நோய் தென்படாமலே இருந்த 100 பேருக்குப் பிரான்சில் மருத்துவர்களின் மேற்பார்வையில் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கும் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே திரும்பியது. மாதந்தோறும் பரிசோதித்து வந்ததால் உடனே கண்டறிந்து மருந்தை மீண்டும் கொடுக்க முடிந்தது. ஆகவே நிறுத்துவது என்பது மருத்துவர் நாள் குறித்து, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துச் செய்யும் ஒரு சிகிச்சை. வீட்டில் நாமாகக் குறைத்துக்கொள்வது அதில் சேராது. கால் வீக்கமும் தசைப்பிடிப்பும் இந்த மருந்தில் வழக்கமாக வருபவைதான். அவற்றுக்குத் தீர்வும் உண்டு, வேறு மருந்துக்கு மாறும் வழியும் உண்டு. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இந்தத் தொல்லைகளை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையை உணவுக்குப் பிறகு ஒரு பெரிய குவளைத் தண்ணீருடன் எடுக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு மருந்தியல் மாணவர்: இமாட்டினிப் தொடர்பான புகழ்பெற்ற காப்புரிமை வழக்கு சென்னையில் தொடங்கியது என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். இமாட்டினிப்பைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனம், இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கான விண்ணப்பத்தை 1998-இல் சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில்தான் பதிந்தது. அப்போது நம் நாட்டில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரும் சட்டம் இல்லை. 2005-இல் அது வந்த பிறகுதான் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார்கள், 2006 ஜனவரியில் நிராகரித்தார்கள். அறிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் செயல்திறனை உயர்த்தினால் ஒழிய, புதிய கண்டுபிடிப்பு ஆகாது என்று கூறும் 3(டி) பிரிவு அதற்கு ஓர் அடிப்படையாக அமைந்தது. அந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்று தொடுக்கப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கியது. படிக வடிவம் உடலில் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று நிறுவனம் காட்டிய கணக்கை ஏற்க மறுத்து, ‘செயல்திறன்’ என்பது நோயைக் குணப்படுத்தும் திறனையே குறிக்கும் என்று நீதிமன்றம் பொருள் கூறியது.

மாதம் ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய் விலையுள்ள மருந்தை, இந்திய நிறுவனங்கள் 10,000 ரூபாய்க்கும் குறைவாகத் தயாரித்துக்கொண்டிருந்த காலம் அது. நோவார்ட்டிஸ் பல நோயாளிகளுக்கு அதை இலவசமாக வழங்கியதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு மருந்தைப் பெறுவது நன்கொடையை நம்பி இருக்கக் கூடாது என்பதே என் எண்ணம். கோவை வாசகரின் தந்தை நான்கு ஆண்டுகளாக இடைவிடாமல் மாத்திரை வாங்க முடிகிறது என்றால், அதன் பின்னே இந்த வழக்கும் நிற்கிறது.

திருச்சியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி: புற்றுநோய்ச் செல்களில் எல்.ஒய்.294002 என்ற தடுப்பானை 50 மைக்ரோமோலார் அளவில் இட்டேன். செல்களின் நகர்வு நின்றது. ஆகவே நகர்வுக்குப் பிஐ3 கைனேஸ் தேவை என்று எழுதினேன். என் கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர் அதை ஏற்கவில்லை. நான் செய்த தவறு என்ன?

பதில்: உங்கள் முடிவு சரியாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் சோதனை அதை நிறுவவில்லை. முதலில் ஒரு திருத்தம்: பிஐ3 கைனேஸ் முதன்மையாகச் செல்சவ்வின் கொழுப்பு மூலக்கூறின் மீது பாஸ்பேட்டை ஒட்டுவது. புரதக் கைனேஸான ஏகேடி அதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. ஆனாலும் கொழுப்பின் மீது ஒட்டுபவை, புரதத்தின் மீது ஒட்டுபவை என்ற இரண்டு கைனேஸ் குடும்பங்களிலும் ஏடிபி அமரும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அந்த ஒற்றுமையே எல்லாச் சிக்கலுக்கும் மூலம். எல்.ஒய்.294002, பிஐ3 கைனேஸோடு எம்டார், கேசின் கைனேஸ்-2 போன்ற வேறு கைனேஸ்களையும் தடுக்கிறது. கைனேஸே அல்லாத, குரோமாட்டினை (டி.என்.ஏ.வும் அதைச் சுற்றி வைக்கும் புரதங்களும் சேர்ந்தது) படிக்கும் புரதங்களையும் பற்றிக்கொள்கிறது. 50 மைக்ரோமோலாரில் இவற்றில் எது நகர்வை நிறுத்தியது என்று உங்களால் சொல்ல இயலாது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் பிலிப் கோயனின் குழு, ஒரே நொதிக்கு உரியவை என்று விற்கப்பட்ட தடுப்பான்களைப் பல கைனேஸ்களோடு வரிசையாகச் சோதித்து, அவற்றில் பல அப்படி இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறது.

அதிக அளவு இட்டதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருந்திருக்கும். சோதனைக்குழாயில் தடுப்பானின் திறனை அளக்கும்போது பெரும்பாலும் ஏடிபியைக் குறைவாகவே வைப்பார்கள். செல்லுக்குள்ளோ அது 1 முதல் 5 மில்லிமோலார் வரை இருக்கிறது; அதே பள்ளத்துக்காகத் தடுப்பான் அத்தனை ஏடிபியோடும் போட்டியிட வேண்டும். ஏடிபிக்கான மைக்கேலிஸ் மாறிலி (நொதி பாதி வேகத்தில் இயங்கத் தேவையான ஏடிபி அளவு) 20 மைக்ரோமோலாராக உள்ள ஒரு கைனேஸை எடுத்துக்கொண்டால், 2 மில்லிமோலார் ஏடிபி உள்ள செல்லுக்குள் அதைப் பாதியளவு தடுக்க, தடுப்பு மாறிலியைப்போல் (தடுப்பான் எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதைக் காட்டும் அளவு) 101 மடங்கு மருந்து வேண்டும். 10 நானோமோலாரில் பற்றும் தடுப்பானுக்கும் செல்லில் 1 மைக்ரோமோலார் தேவைப்படுவது இதனால்தான். ஆனால் எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்காமல் அளந்தே தெரிந்துகொள்ளலாம். தடுப்பானைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு அளவிலும் ஏகேடியின் 473-ஆம் செரினில் பாஸ்பேட் இருக்கிறதா என்று, புரதங்களைப் பிரித்து அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பாருங்கள். அதே அளவுகளில் நகர்வையும் அளந்துகொள்ளுங்கள். 10 மைக்ரோமோலாரிலேயே பாஸ்பேட் மறைந்துவிட்டு, நகர்வு மட்டும் 50-இல்தான் நிற்கிறது என்றால், அந்த விளைவு வேறொரு புரதத்தைச் சேர்ந்தது.

அடுத்து, வேதியமைப்பில் முற்றிலும் வேறுபட்ட இரண்டாவது தடுப்பானும் அதே விளைவைத் தருகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் உறுதியான சான்று, தடுப்பான் பற்ற முடியாதபடி மாற்றியமைத்த கைனேஸை அதே செல்லில் வைத்து, தடுப்பான் இருக்கும்போதே நகர்வு மீள்கிறதா என்று காண்பதுதான். அது கடினமான சோதனை. ஆனால் அதற்குப் பிறகு மதிப்பீட்டாளர் கேட்க எதுவும் இராது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தடுப்பானை இட்டால் பாதை அடங்கும் என்பதுகூட எப்போதும் நடப்பதில்லை. பிராப் கைனேஸின் 600-ஆம் இடத்தில் உள்ள வேலின் என்ற அமினோ அமிலம் குளூட்டமிக் அமிலமாக மாறிய தோல் புற்றுநோய்க்காக 2011-இல் வந்த வெமுராபெனிப், அந்த மாற்றம் உள்ள செல்களில் பாதையை அடக்குகிறது. மாற்றம் இல்லாத செல்களிலோ, இணையாகச் சேர்ந்த இரண்டு ராப் மூலக்கூறுகளில் (பிராப்பும் அதன் உறவுக் கைனேஸ்களும்) ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றொன்றைத் தூண்டிவிடுகிறது. அடுத்த படிகளான மெக், எர்க் என்ற கைனேஸ்கள் இரண்டும் முன்பைவிட வேகமாக இயங்குகின்றன. இந்த மருந்தை எடுத்த நோயாளிகள் சிலருக்குத் தோலில் வேறு வகைப் புற்றுக்கட்டிகள் புதிதாக முளைத்தது இதனால்தான். பின்னர் மெக் தடுப்பானையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தத் தொல்லை குறைந்தது. எனவே நீங்கள் தடுத்ததாக நினைக்கும் பாதை உண்மையில் அடங்கியதா என்பதை ஒவ்வொரு செல்வகையிலும் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு மஞ்சள் வணிகர்: மஞ்சளில் உள்ள குர்குமின், புற்றுநோயைத் தூண்டும் கைனேஸ்களைத் தடுக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவாமே? மாத்திரைக்குப் பதிலாக இதையே எடுக்கலாமா? என் சகோதரி மூட்டுவாதத்துக்கு டோபாசிட்டினிப் சாப்பிடுகிறார். அதுவும் புற்றுநோய் மருந்து வகையைச் சேர்ந்தது என்றதும் பயந்துபோயிருக்கிறார்.

பதில்: நீங்கள் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை சோதனைக்குழாயிலும் வளர்ப்புத் தட்டிலும் செய்யப்பட்டவை. குர்குமின் அங்கே பல புரதங்களோடு வினைபுரிகிறது, தானாகச் சிதைகிறது, ஒளிர்ந்து அளவீட்டையும் குழப்புகிறது. அதனால் அது எதையும் தடுப்பதுபோலத் தோன்றும். வாய்வழி உண்டால் அதில் மிகச் சிறு பகுதியே ரத்தத்தை அடைகிறது. 2017-இல் வேதியியலாளர்கள் அதுவரை வந்த சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முறையாக நடந்த மருத்துவச் சோதனை எதிலும் அதன் பலன் நிறுவப்படவில்லை என்றே எழுதினார்கள். சமையலில் சேர்க்கும் மஞ்சளுக்கு நான் எதிரி அல்லன். மாத்திரையின் இடத்தில் அதை வைப்பதைத்தான் கூடாது என்கிறேன். செறிவூட்டிய குர்குமின் குளிகைகளை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கைனேஸ் தடுப்பான்கள் பலவற்றைச் சிதைப்பது கல்லீரலிலும் குடலிலும் உள்ள ஒரே நொதிதான். கிரேப்ப்ரூட் பழச்சாறு அந்த நொதியை முடக்கி, மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்; நம் ஊர்ப் பம்பளிமாஸும் அதற்கு நெருங்கிய உறவு என்பதால், இத்தகைய மருந்து எடுப்பவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது.

உங்கள் சகோதரி பயப்பட வேண்டியதில்லை. கைனேஸ் தடுப்பான் என்றாலே புற்றுநோய் மருந்து என்று ஆகாது. 1995-இல் ஜப்பானில் அனுமதி பெற்ற பாசுடில், மூளையில் ரத்தக்கசிவுக்குப் பின் ரத்தக்குழாய்கள் இறுகிவிடாமல் காக்கும் மருந்து. டோபாசிட்டினிப், ஜாக் என்ற கைனேஸ்களைத் தடுத்து, அழற்சியைக் கூட்டும் செய்திகள் மூட்டுச் செல்களுக்குள் போகாமல் நிறுத்துகிறது. ஆனால் நுரையீரலில் ஒடுங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமிகளை அடக்கி வைக்க நம் செல்களுக்குக் கட்டளை தரும் இன்டர்பெரான்-காமாவும் அதே ஜாக் வழியாகத்தான் பேசுகிறது. அதனால்தான் இந்த மருந்தைத் தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோய்க்கான பரிசோதனையை வலியுறுத்துகிறார்கள். உங்கள் சகோதரிக்கு அது செய்யப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். செய்யவில்லை என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் மருத்துவரிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். நீங்காத இருமல், மாலைக் காய்ச்சல், தோலில் அக்கி, ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், நெஞ்சுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.